விலையும் பெறுமதியும்: சிக்காகோ வணிகச் சந்தைக் கொம்பனி பற்றிய ஓர் ஆராய்வு

ஊர்ச் சந்தையொன்றிலே வாழைக்குலை விற்பவனும் வாங்குபவனும் விலையைப் பற்றியே கவலையுறுவர். விலை உயரின் விற்பவன் மகிழ்வான். தாழின் வாங்குபவன் மகிழ்வான். இவ்விருவருக்கும் புறம்பாக மூன்றாமவன் ஒருவனும் அச்சந்தையில் உளன். அவனே சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவன். உள்ளே வரும் சுமை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று அறவிடுதல் அவன் தொழில். குலையின் விலை ஏறினும் இறங்கினும் அவனுக்கு ஒன்றே. சுமைகள் குறையாது வருதலையே அவன் வேண்டுவான். நாணயமும் வட்டியும் தானியமும் எண்ணெயும் பேரம் பேசப்படும் பெருநகர நிதிச் சந்தைகளை நடாத்துங் கொம்பனிகளின் நிலையும் ஏறக்குறைய இக்குத்தகைக்காரனது நிலையே எனலாம்.

முன்னாளில் இச்சந்தைகள் தரகர்களின் சங்கங்களாக இருந்தன. கடந்த முப்பது ஆண்டுகளுள் அவற்றுட் பல வரையறுத்த கொம்பனிகளாக மாறித் தம் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றுள்ளன. எனவே, பங்குகள் விற்கப்படும் இடத்தின் பங்கையே ஒருவன் வாங்குதல் இன்று இயலும். இருபது ஆண்டுகளுக்குத் தன் சேமிப்பை ஒதுக்கிவைக்க விரும்பும் ஒருவனுக்கு இத்தகைய கொம்பனி தக்க முதலீடாகுமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா. பொதுப்படப் பேசுதலிலும் ஓர் உண்மை எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்தல் பயனுடைத்தாதலின், ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலுள்ள வணிகச் சந்தைக் கொம்பனி, இன்று சீ. எம். ஈ. குழுமம் என வழங்குவது, இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

வினாவுட் புகுமுன் அளவுகோல் யாதென அறிதல் வேண்டும். பெறுமதி நோக்கிய முதலீடு எனும் கொள்கையை ஒழுங்குபட வகுத்தவர் பெஞ்சமின் கிரஹாம் என்னும் அறிஞர். இலண்டனிற் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த இவர், டேவிட் டொட் என்பாருடன் சேர்ந்து 1934ஆம் ஆண்டிலும், தனித்து 1949ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் இத்துறையின் முதனூல்களாகப் போற்றப்படுகின்றன. அவர் கொள்கையின் சாரம் சில சொற்களில் அடங்கும். பங்கு என்பது ஒரு தொழிலின் கூறு. அதன் பெறுமதி அத்தொழில் ஆண்டுதோறும் ஈட்டித் தரவல்ல பொருளைப் பொறுத்தது. அதன் விலையோ அன்றன்று வாங்குவோர், விற்போரின் ஆசையையும் அச்சத்தையும் பொறுத்தது. இவ்விரண்டும் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்னும் நியதி இல்லை. பெறுமதியிற் குறைந்த விலைக்கு வாங்குபவன், தன் கணிப்பிற் பிழை நேரினும் தாங்கத்தக்கதொரு பாதுகாப்பு இடைவெளியைப் பெறுகின்றான். ஆகவே ஆராய்வோன் இரு வினாக்களைத் தனித்தனியே கேட்டல் வேண்டும்: தொழில் நல்லதா? விலை தக்கதா?

முதலில் தொழிலின் தோற்றத்தை நோக்குவோர்க்கு அதன் இயல்பு எளிதிற் புலனாகும். 1848ஆம் ஆண்டிற் சிக்காகோவின் தானிய வணிகர் கூடி ஒரு வணிகக் கழகத்தை அமைத்தனர். அறுவடைக் காலத்திற் கோதுமை குவிந்து விலை வீழ்வதும், பின்னர் அருகி விலை ஏறுவதும் உழவனையும் மா ஆலைக்காரனையும் ஒருங்கே வருத்தின. இன்ன மாதத்தில் இன்ன தரத்துத் தானியத்தை இன்ன விலைக்குத் தருவேன் என முன்கூட்டியே செய்யும் உடன்படிக்கை இத்துன்பத்துக்கு மருந்தாயிற்று. 1865ஆம் ஆண்டளவில் இவ்வுடன்படிக்கைகள் அளவாலும் தரத்தாலும் ஒரே படித்தானவையாக வகுக்கப்பட்டன. எதிர்கால ஒப்பந்தம் எனப்படுவது இதுவே. கோதுமை ஒப்பந்தம் ஒன்று 5000 புசல் கொண்டது. யார் கையிலிருந்து வாங்கினும் ஒப்பந்தம் ஒரே தன்மையது ஆகையால், வாங்கியதை மீண்டும் விற்றுக் கணக்கை முடித்தலும் எளிதாயிற்று.

இக்கழகத்துக்கு அயலிலே 1898ஆம் ஆண்டில் வெண்ணெய், முட்டை வணிகரின் சபையொன்று தோன்றியது. அதுவே 1919இற் சிக்காகோ வணிகச் சந்தை எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1961இற் பன்றி இறைச்சிக்கும், 1964இல் உயிர்க் கால்நடைகளுக்கும் அங்கே ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. 1971 ஓகஸ்டில் டொலருக்கும் பொன்னுக்குமிருந்த இணைப்பை அமெரிக்க அரசு அறுத்ததும் நாணயங்களின் மாற்று விலை நாளுக்கு நாள் அசையலாயிற்று. அவ்வசைவினின்று காப்புப் பெறும் வழியாக 1972 மே மாதத்தில் ஏழு நாணயங்களுக்குரிய ஒப்பந்தங்களை லியோ மெலமெட் என்பாரின் தலைமையில் இச்சந்தை தொடக்கியது. 1981இல் அமெரிக்காவுக்கு வெளியே வைப்பிலிடப்படும் டொலரின் வட்டிக்கும், 1982இற் பங்குவிலைச் சுட்டெண்ணுக்கும் ஒப்பந்தங்கள் தோன்றின. முட்டையிற் றொடங்கிய சந்தை வட்டியில் வந்து நின்றது. விற்கப்படும் பொருள் மாறியபோதும் தொழில் மாறவில்லை: விலை நிலையாமையால் வருந்துவோர் எங்குளரோ அங்கே காப்பு விற்றலே அது.

அச்சந்தை 2000ஆம் ஆண்டிற் சங்க நிலையிலிருந்து கொம்பனியாக மாறியது. 2002 டிசம்பரிற் பங்கொன்று 35 டொலராகப் பொதுமக்களுக்கு விற்றது. 2007இல் முன்னர்க் கூறிய பழைய தானியக் கழகத்தையும், 2008இல் எண்ணெய்க்குப் பெயர்பெற்ற நியூயோர்க் வணிகச் சந்தையையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. கூவி விலை கூறும் வணிகக் களங்கள் 2015 யூலையில் எதிர்கால ஒப்பந்தங்களுக்குப் பெரும்பாலும் மூடப்பட்டன. இன்று வணிகம் ஏறத்தாழ முழுவதும் கணினி வழியே நிகழ்கின்றது.

இக்கொம்பனியின் வருமானம் பெரும்பாலும் ஒப்பந்தம் ஒவ்வொன்றுக்கும் அறவிடுங் கட்டணமாகும். அக்கட்டணம் சராசரியாக ஒரு டொலரிலுங் குறைவு. ஆயினும் 2024ஆம் ஆண்டில் நாளொன்றுக்குச் சராசரி 2 கோடியே 65 இலட்சம் ஒப்பந்தங்கள் கைமாறின. அவ்வாண்டின் வருமானம் ஏறக்குறைய 613 கோடி டொலர். செலவு நீங்கிய தொழிற்பாட்டு இலாபம் ஏறக்குறைய 390 கோடி டொலர். வரியும் நீங்கிய தேறிய இலாபம் ஏறக்குறைய 350 கோடி டொலர். அஃதாவது, பெற்ற ஒவ்வொரு நூறு டொலரிலும் அறுபதுக்கு மேற்பட்டது தொழிற்பாட்டு இலாபமாக எஞ்சியது. உருக்காலையோ நெசவாலையோ இத்தகைய விகிதத்தைக் கனவிலுங் காணாது. காரணம் வெளிப்படை. கணினியும் கட்டடமும் ஊழியரும் ஒருமுறை அமைந்துவிட்டால், நூறு இலட்சம் ஒப்பந்தங்களுக்கு மேல் வரும் நூற்றோராவது இலட்சத்துக்கு மேலதிகச் செலவு மிகச் சிறிதே.

இவ்வளவு இலாபந் தரும் தொழிலிற் போட்டியாளர் புகுந்து கட்டணத்தைக் குறைத்து இலாபத்தைக் கரைத்துவிடாதது ஏன்? நீண்டகால முதலீட்டாளன் முதன்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. பலரும் கூறும் விடை, கூட்டமே கூட்டத்தைக் கூட்டும் என்பதாகும். வாங்குவோர் மிகுந்த சந்தையை விற்போர் நாடுவர். விற்போர் மிகுந்த சந்தையை வாங்குவோர் நாடுவர். புதிய சந்தை இலவசமாகத் திறக்கப்படினும் ஆளில்லாச் சந்தையிற் கடை விரிப்பார் இலர். இவ்விடை உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. கூட்டம் கலைந்த வரலாறும் உண்டு.

ஜேர்மன் அரசின் கடன் முறிகளுக்குரிய எதிர்கால ஒப்பந்தம் 1988இல் இலண்டன் சந்தையிலே தொடங்கப்பெற்றது. பிராங்க்போர்ட்டிற் கணினிவழி இயங்கிய போட்டிச் சந்தை 1990இல் அதே ஒப்பந்தத்தைத் தொடக்கியது. நெடுங்காலம் இலண்டனே முன்னின்றது. எனினும் செலவு குறைந்த கணினி முறையை நோக்கி வணிகர் படிப்படியாகச் சாய, 1998ஆம் ஆண்டில் வணிகம் ஏறத்தாழ முழுவதும் பிராங்க்போர்ட்டுக்குப் பெயர்ந்துவிட்டது. கூவி விற்கும் பழைய வழக்கத்தைக் கைவிட மனமின்றித் தாமதித்த தரகர்களே இலண்டன் சந்தையின் உரிமையாளராகவும் இருந்தமை அதன் வீழ்ச்சிக்குப் பெருங் காரணம். இவ்வெற்றியின் ஊக்கத்தாற் பிராங்க்போர்ட் சந்தை 2004இல் அமெரிக்காவிலேயே கிளை அமைத்து, அமெரிக்க அரசுக் கடன் முறிகளின் ஒப்பந்தத்தைச் சிக்காகோத் தானியக் கழகத்தினின்று கவர முயன்றது. சிக்காகோவோ அதற்குள் கணினி முறைக்கு மாறியிருந்தது, கட்டணத்தையும் குறைத்தது. முயற்சி தோல்வியுற்றது. கூட்டத்தை வைத்திருப்பவன் சோம்பியிருப்பின் இழப்பான், விழித்திருப்பின் இழப்பது அரிது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்றாகும்.

இன்னுமொரு காரணம் இதனிலும் ஆழமானது. நியூயோர்க் பங்குச் சந்தையிற் பதியப்பட்ட பங்குகளின் வணிகத்தில் அச்சந்தையே 2005 சனவரியில் நூற்றுக்கு 79 பங்கைக் கையாண்டது. 2009 ஒக்டோபரில் அது நூற்றுக்கு 25ஆகச் சுருங்கிற்று. புகழும் பழைமையும் அதனைக் காக்கவில்லை. ஏனெனில் பங்கு வணிகத்தின் கணக்குத் தீர்த்தல் எல்லாச் சந்தைகளுக்கும் பொதுவானதோர் அமைப்பில் நிகழ்கின்றது. ஓரிடத்தில் வாங்கிய பங்கை வேறோரிடத்தில் விற்றல் எளிது. எதிர்கால ஒப்பந்தம் அத்தகையதன்று. சிக்காகோவில் வாங்கிய ஒப்பந்தத்தைச் சிக்காகோவிலேயே விற்றுக் கழித்தல் வேண்டும். அக்கணக்கை வைத்திருப்பது அக்கொம்பனிக்கே உரிய தீர்வகம்.

தீர்வகத்தின் தொழிற்பாடு சிறிது விளக்கத்துக்குரியது. ஒப்பந்தம் முடிந்த கணமே வாங்குபவனுக்கு விற்பவனாகவும், விற்பவனுக்கு வாங்குபவனாகவும் தீர்வகம் நடுவே புகுந்து நிற்கும். இருபாலாரும் பிணைப்பணம் வைத்தல் வேண்டும். ஒவ்வொரு நாளும் விலை கணிக்கப்பட்டுத் தோற்றவனிடமிருந்து பணம் பெறப்பட்டு வென்றவனுக்குச் செலுத்தப்படும். 2020 ஏப்ரில் 20ஆந் தேதி, எண்ணெயைச் சேமிக்க இடமின்மையால், மே மாதத்துக்குரிய அமெரிக்க எண்ணெய் ஒப்பந்தத்தின் விலை பீப்பாவுக்கு 18 டொலர் 27 சதத்திலிருந்து பூச்சியத்துக்குங் கீழே 37 டொலர் 63 சதத்துக்கு வீழ்ந்தது. ஒப்பந்தம் ஒன்று 1000 பீப்பாக் கொண்டதாதலின், ஒரே ஒப்பந்தத்தை வைத்திருந்தவன் அன்றைய நாளில் 55,900 டொலர் இழந்தான். எதிர்ப்பக்கத்தவன் அதனையே பெற்றான். சந்தை பெற்றது தன் சிறு கட்டணத்தை மட்டுமே. ஆயினும் அத்தொகை தவறாது கைமாறும் என்னும் உறுதியே அக்கட்டணத்தை நியாயமாக்கிற்று. 1987 ஒக்டோபர் 19ஆந் தேதி நியூயோர்க்கிற் பங்குவிலைகள் ஒரே நாளில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் வீழ்ந்த இரவில், சிக்காகோத் தீர்வகத்தின் வழியே 250 கோடி டொலரளவு கைமாற வேண்டியதாயிற்று. மறுநாள் சந்தை திறக்குமுன் அது தீர்க்கப்பட்டது. பிணைப்பணமும் நிலுவை ஒப்பந்தங்களும் ஒரே தீர்வகத்திற் கட்டுண்டிருத்தலே இக்கொம்பனியைச் சூழ்ந்த அகழியாகும். கூட்டம் அதன் நீர். தீர்வகம் அதன் கரை.

இனி, கணக்கேடுகளைப் படிக்கும் முறையை நோக்குக. இத்தகைய கொம்பனியின் ஐந்தொகை, பழகாத கண்ணை மயக்குவதாகும். சில ஆண்டுகளின் முடிவிற் பதினாயிரங் கோடி டொலரிலும் மிகுந்த பணம் அதிற் சொத்தாகத் தோன்றும். அது கொம்பனியின் பணமன்று. தீர்வக உறுப்பினர் வைத்த பிணைப்பணம் சொத்திலும் பொறுப்பிலும் சம அளவிற் பதியப்பட்டுள்ளது. அதனை இருபுறமும் நீக்கியே படித்தல் வேண்டும். எஞ்சிய சொத்துக்களுட் பெரும்பகுதி நன்மதிப்பும், வாங்கிய சந்தைகளின் ஒப்பந்த உரிமைகளுமாகும். கையாற் றொடமுடியாத இச்சொத்துக்கள் பங்காளரின் மூலதனத்திலும் மிகுதியாக உள்ளன. கட்டடமும் காசும் சரக்கும் எண்ணிப் பெறுமதி காணும் பழைய முறையை இங்கே கையாள்பவன் ஒன்றுமில்லை என்ற முடிவுக்கே வருவான். ஆகவே, இத்தொழிலின் பெறுமதியை அதன் ஈட்டுந் திறனைக் கொண்டே மதித்தல் வேண்டும். ஈட்டுந் திறனோ மேலே கூறிய அகழியைப் பொறுத்தது. கணக்கியலும் வரலாறும் இங்கே ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

இத்தொழிலுக்குப் பெருமூலதனம் மீண்டும் மீண்டும் இடவேண்டிய தேவை இல்லை. எனவே ஈட்டிய இலாபத்திற் பெரும்பங்கை உரிமையாளருக்குக் கொடுத்துவிடலாம். 2012ஆம் ஆண்டு முதல் இக்கொம்பனி காலாண்டுப் பங்கிலாபத்துக்கு மேலாக, ஆண்டுக்கொருமுறை எஞ்சிய காசைக் கணித்து மாறும் பங்கிலாபமொன்றையும் வழங்கி வருகின்றது. மிஞ்சிய பணத்தை வீண் முயற்சிகளிற் கரைக்கும் ஆசைக்கு இவ்வழக்கம் ஓரளவு தடையாகும்.

நல்ல தொழிலாயினும் அதற்குரிய ஆபத்துக்களை மறைத்தல் ஆகாது. அவற்றுள் முதலாவது சட்டம். 1955ஆம் ஆண்டில் வின்சென்ற் கொசூகா, சாம் சீகல் என்னும் இரு வணிகர் சிக்காகோவிலிருந்த வெங்காயத்தை ஏறத்தாழ முழுவதும் தம் கைப்படுத்தினர். விலையை ஏற்றிப் பின்னர் விலை வீழ்ச்சியில் இலாபங் காணும் வகையில் ஒப்பந்தங்களை விற்றுச் சரக்கைச் சந்தையிற் கொட்டினர். 1955 ஓகஸ்டில் 50 இறாத்தல் மூடை ஒன்று 2 டொலர் 75 சதம் விற்ற வெங்காயம் 1956 மார்ச்சில் 10 சதமாயிற்று. வெங்காயத்திலும் அதனைக் கொண்ட வெறுஞ் சாக்குக்கு விலை மிகுதி எனும்படியாயிற்று. பயிரிட்டோர் பலர் அழிந்தனர். மிச்சிகன் உறுப்பினரும் பிற்காலத்தில் அமெரிக்க சனாதிபதியுமான ஜெரல்ட் போட் முன்னின்று உழைக்க, 1958இல் வெங்காய எதிர்கால வணிகம் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அச்சந்தைக்கு அக்காலத்தில் வெங்காயம் முதன்மையான பண்டங்களுள் ஒன்று. பொதுமக்களின் இசைவினாலேயே சந்தை வாழ்கின்றது என்பதற்கு இதனினுந் தெளிந்த சான்று வேண்டியதில்லை. 2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தீர்வகத்தைச் சந்தையினின்று பிரித்தலே போட்டிக்கு நன்று என அமெரிக்க நீதித் திணைக்களம் கருத்து வெளியிட்டபோது இக்கொம்பனியின் பங்குவிலை ஒரே நாளிற் கடுமையாக வீழ்ந்தது. அகழி எங்குளதென்பதை அன்று சந்தையே சுட்டிக் காட்டிற்று.

இரண்டாவது ஆபத்து நம்பிக்கைக் குறைவு. 2011 ஒக்டோபர் இறுதியில் எம். எப். குளோபல் எனும் தரகுக் கொம்பனி முறிந்தபோது, அதன் வாடிக்கையாளருக்குரிய பணத்தில் ஏறக்குறைய 160 கோடி டொலர் குறைந்திருந்தது. பின்னாளில் அப்பணம் மீட்கப்பட்டதாயினும், தரகரை மேற்பார்வை செய்யும் கடமையிற் சந்தைக்கும் பங்குண்டாதலின் அதன் பெயரும் அடிபட்டது. மூன்றாவது அமைதி. விலை அசைந்தாலன்றிக் காப்பை நாடுவார் இலர். அமெரிக்க மத்திய வங்கி 2008 இறுதி தொடக்கம் 2015 இறுதி வரை குறுங்கால வட்டியைப் பூச்சியத்தின் அயலில் வைத்திருந்தபோது, அவ்வட்டிக்குரிய ஒப்பந்தங்களின் வேகம் தளர்ந்தது. உலகம் கலங்குங்கால் இக்கொம்பனி செழிப்பதும், அமைதியுறுங்கால் தளர்வதும் அதன் இயல்பு. நான்காவது பண்டமே மறைந்துபோதல். 1981 முதல் வழங்கிய டொலர் வட்டி ஒப்பந்தம் இலண்டனில் நிருணயிக்கப்பட்ட வட்டிவீதத்தைச் சார்ந்தது. அவ்வீதம் முறைகேடுகளால் மதிப்பிழந்து 2023இற் கைவிடப்பட்டது. 2018இலேயே புதிய வட்டிவீதத்துக்குரிய ஒப்பந்தத்தைத் தொடக்கி, 2023 ஏப்ரிலிற் பழைய நிலுவைகளைப் புதியனவாக மாற்றியமையாற் கொம்பனி தப்பியது.

இத்துணையும் முதல் வினாவுக்குரியது. தொழில் நல்லது, அகழி ஆழமானது, காவல் மட்டும் ஓயலாகாது. இனி இரண்டாவது வினாவாகிய விலைக்கு வருதல் வேண்டும். கற்றோரும் தவறுவது இங்கேதான்.

2002 இறுதியில் 35 டொலருக்கு விற்ற பங்கு, 2007 டிசம்பரில் 700 டொலரைத் தாண்டியது. அவ்வாண்டிற் பங்கொன்றுக்குரிய தேறிய இலாபம் ஏறக்குறைய 15 டொலர். 700 டொலர் கொடுத்தவன் தன் பணத்துக்கு ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு இரண்டு சிறிது மிகுந்த ஈட்டத்தையே வாங்கினான். விலை இலாபத்தின் ஏறக்குறைய நாற்பத்தேழு மடங்கு. ஓராண்டுள் உலக நிதி நெருக்கடி எழுந்தது. 2008 நவம்பரில் அதே பங்கு 200 டொலருக்குங் கீழே விற்றது. முன்னாண்டு இலாபத்தை நோக்க, 200 டொலருக்கு வாங்கியவன் நூற்றுக்கு ஏழரை ஈட்டத்தைப் பெற்றான். இவ்விரு திகதிகளுக்குமிடையே தீர்வகம் உடைந்ததா? இல்லை. கூட்டம் கலைந்ததா? இல்லை. மாறியது பெரும்பாலும் மனிதர் மனமே.

விளைவைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. 2012இற் பங்கொன்று ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே பழைய 100 பங்குகள் 500 ஆயின. 2017 இறுதியிற் பங்கின் விலை ஏறக்குறைய 146 டொலர். 500 பங்குகளின் விலை 73,000 டொலர். தொடக்கத்தில் 3,500 டொலர் இட்டவனுக்கு அது இருபது மடங்கு. 2008 நவம்பரில் 20,000 டொலர் இட்டவனுக்கு மூன்றரை மடங்குக்கு மேல். 2007 டிசம்பரில் 70,000 டொலர் இட்டவனுக்கோ, பத்தாண்டுக் காத்திருப்பின் பின்னர், பங்கிலாபம் நீங்க, கையில் மிஞ்சியது 3,000 டொலர். மூவரும் வாங்கியது ஒரே கொம்பனி. மூவரும் அதன் தொழிலைப் பற்றி நினைத்ததும் சரியே. அவர்தம் வேறுபாடு கொடுத்த விலையில் மட்டுமே இருந்தது.

இதே காலத்திற் கொம்பனியின் ஈட்டுந் திறன் வளராதிருக்கவில்லை. 2007இன் 15 டொலர் இலாபத்தைப் பங்குப் பிரிப்புக்கேற்ப ஐந்தால் வகுத்தால் 3 டொலர். 2024இற் பங்கொன்றுக்குரிய இலாபம் ஏறக்குறைய 9 டொலர் 70 சதம். பதினேழு ஆண்டுகளில் மும்மடங்குக்கு மேல். அஃதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு வளர்ச்சி. இதிலும் ஒரு பகுதி தொழிலின் வளர்ச்சியன்று. 2018 முதல் அமெரிக்க மத்திய அரசின் கொம்பனி வரி நூற்றுக்கு 35இலிருந்து 21ஆகக் குறைந்தமையால் வந்தது. மீண்டும் நிகழாத இத்தகைய நன்மையைக் கழித்தே எதிர்காலத்தைக் கணித்தல் அறிவுடைமை.

இவ்வெண்களைக் கொண்டு எவரும் தாமே மதிப்பிடலாம். பங்கின் விலை 200 டொலராயின் 2024இன் இலாபம் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து. 300 டொலராயின் நூற்றுக்கு மூன்று சிறிது மிகுதி. வளர்ச்சியை ஏழென்று கொள்ளாது நான்கு, ஐந்து என அடக்கிக் கொண்டு, அதன்பின்னும் அவ்விலை பொருந்துமாயின் அங்கே பாதுகாப்பு இடைவெளி உண்டு. வளர்ச்சி ஏழிலும் மிகுந்தாலன்றி அவ்விலை பொருந்தாதாயின், வாங்குபவன் தொழிலை வாங்கவில்லை. பிறர் நம்பிக்கையை வாங்குகின்றான். பத்தாண்டுகளுக்கு அப்பங்கின் விலை எங்கும் வெளியிடப்படாது போயினும் அமைதியாக வைத்திருப்பேனா என்று அவன் தன்னையே வினவுதல் வேண்டும்.

ஊகவணிகர் கூடுமிடத்திலே கட்டணம் வாங்கிப் பிழைக்குந் தொழிலில் நேர்மையாளர் பங்கு கொள்ளலாமோ என்னும் ஐயமும் சிலருக்கு எழும். வெங்காயக் கதை அவ்வையத்தை வலுப்படுத்தும். ஆயினும் விதைப்பு நாளிலேயே அறுவடை விலையை உறுதிசெய்ய விரும்பும் உழவனுக்கு எதிரே அவ்விலையை ஏற்பவன் ஒருவன் வேண்டும். அவன் பெரும்பாலும் ஊகவணிகனே. சந்தையின் நன்மை தீமை அதன் விதிகளையும் காவலையும் பொறுத்தது. விதியைத் தளர்த்திக் கட்டணத்தைப் பெருக்கும் சந்தை, 1958இற் கண்டவாறு, தன் பண்டத்தையே இழக்க நேரிடும். ஆகவே இத்துறையில் ஒழுக்கமும் பெறுமதியின் ஒரு கூறாகும். அதனை ஆராயாதவன் கணக்கையும் முழுதாக ஆராய்ந்தவனாகான்.

சேமிப்பு என்பது உழைத்துக் கழித்த நாட்களின் எச்சம். அதனை நல்ல தொழிலொன்றில் இடுதல் பாதியளவு அறிவே. தக்க விலை வரும்வரை பொறுத்திருத்தல் மறுபாதி. முதற் பாதியை நூல்களாலும் கணக்கேடுகளாலும் கற்கலாம். ஊரெல்லாம் புகழும் நாளிற் கையை மடக்கவும், ஊரெல்லாம் அஞ்சும் நாளிற் கணக்கை நம்பிக் கையை நீட்டவும் வேண்டிய மறுபாதியோ மனப்பயிற்சியால் மட்டுமே வாய்ப்பது. 2007 டிசம்பரும் 2008 நவம்பரும் அப்பயிற்சியில்லாதார் கொடுத்த விலையை எக்காலத்தும் எண்ணிக் காட்டி நிற்கும்.